பேரேடு வந்தது, சிட்டை வரவில்லை

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவன் ஒரு நண்பரின் மகன். நாகபுரியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசும்போது நடுநடுவே இந்தியும் மராத்தியும் எட்டிப் பார்க்கும். அது வேறு விஷயம். புவியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறான். ராம்டேக்குக்கு வடக்கே மாங்கனீசுச் சுரங்கங்கள் இருக்கும் பக்கம், சாஸர் பாறைத் தொகுதியை இரண்டு வருடமாக நடந்தே வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறான்.

"நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாயா, எப்படி?" என்று கேட்டேன்.

"நோட்டெல்லாம் இல்லை அங்கிள். எல்லாம் டேப்லட்தான்."

"காப்பி?"

"ராத்திரி ரூமுக்கு வந்ததும் லேப்டாப்பில் போட்டுவிடுவேன். ஒரே ஃபைல்தானே!"

அந்த 'ஒரே ஃபைல்' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாயசம் இறங்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை டேப்லட், லேப்டாப் இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்படி அவனிடம் சொன்னேன். எதிர் வரிசையில் இருந்த நம் பத்திரிகை ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "என்ன சார் அது, கட்டுரையாக எழுதிக் கொடுங்களேன்" என்றார். நான் டிப்ளமோக்காரன், புவியியல் நிபுணனும் அல்ல, கம்ப்யூட்டர் நிபுணனும் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. நம் சங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்திலும், ரயில்வேயிலும், செமினரி ஹில்ஸில் இருக்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்திலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்காவது இது உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

களத்தில் ஒரு புவியியலாளர் என்ன சேகரிக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாறை வெளியே தெரியும் ஒரு இடத்தில் நிற்கிறார். அந்த இடத்துக்கு ஒரு எண் கொடுக்கிறார். அட்சரேகை, தீர்க்கரேகை குறிக்கிறார். பாறையின் பெயர், நிறம், மணிகளின் அளவு எழுதுகிறார். பாறைப் படுகை எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளக்கிறார். பாறையில் ஓடும் வெடிப்புகளுக்கும் அதே அளவு. பிறகு ஒரு புகைப்படம், ஒரு படம் வரைந்த குறிப்பு, உடைத்து எடுத்த கல்லுக்கு ஒரு மாதிரி எண். இப்படி ஒரு நாளில் பத்து இடம், இருபது இடம். முன்பு இதெல்லாம் பென்சிலால் நோட்டில் எழுதப்பட்டு, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் நிலவரைபடத் தாளில் ஏற்றப்படும். இப்போது கையில் இருக்கும் டேப்லட்டிலேயே வரைபடம், செயற்கைக்கோள் படம், திசைகாட்டி, கேமரா எல்லாம் இருக்கின்றன. விரலால் தொட்டால் புள்ளி விழுகிறது. க்யூஃபீல்ட் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் செயலிகளும் உண்டு. பழைய ஆள் என்பதால் நான் இதைக் குறை சொல்ல வரவில்லை. அன்று மாலையே முழு வரைபடமும் கண் முன்னால் நிற்பது பெரிய வசதி. நாங்கள் ஒரு மாதம் கழித்துத்தான் பார்ப்போம், அதற்குள் தப்பு செய்த இடத்தை விட்டு முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்போம்.

எனக்கு இந்த விஷயத்தில் பழக்கம் வந்தது கொங்கண் ரயில் பாதையில். தொண்ணூறுகளில் சில வருடங்கள் ரத்னகிரிப் பகுதியில் சுரங்கப் பாதை வேலையில் இருந்தேன். ரோஹாவிலிருந்து மங்களூர்ப் பக்கம் தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டர். தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கப் பாதைகள். கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கிலோமீட்டர். 1998 ஜனவரியில் பாதை முழுவதும் திறந்தது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ரத்னகிரிப் பாறை முழுக்கக் கருங்கல் மாதிரி ஒரே பாறைதான் என்று தோன்றும். உள்ளே போனால் ஒரு எரிமலைக் குழம்பு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே 'ரெட் போல்' என்று ஒரு சிவப்பு மண் படலம் வரும். காய்ந்திருக்கும்போது சாது, தண்ணீர் பட்டால் சோப்புதான். அது எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வருகிறது என்று தெரியாமல் அடுத்த வெடி வைக்க முடியாது.

சுரங்கப் பாதையில் ஒவ்வொரு முறை வெடி வைத்து, கற்களை அள்ளிய பிறகும் ஒரு புதுப் பாறை முகம் தெரியும். அதை நாங்கள் 'ஃபேஸ்' என்போம். புவியியலாளர் உள்ளே போய் அதைப் படம் வரைந்து, வெடிப்புகளை அளந்து, பாறைக்கு மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் எத்தனை ராக் போல்ட், எத்தனை அங்குல ஷாட்கிரீட் என்று முடிவாகும். இதற்கு அவருக்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. பிறகு சுற்றுச் சுவர்மேல் ஷாட்கிரீட் அடித்து மூடிவிடுவார்கள்; முகப்பை அடுத்த வெடி தின்றுவிடும். அந்தப் பாறையை மறுபடி எவரும் பார்க்க முடியாது. ராம்டேக்கில் குறிப்பு தொலைந்தால் செலவோடு போகும், மறுபடி நடந்து போய் அளந்துவிடலாம். சுரங்கத்தில் குறிப்பு தொலைந்தால் அந்த இடமே தொலைந்ததாக அர்த்தம்.

கொங்கணத்தில் நாங்கள் இதை டிரேசிங் காகிதத்தில் வரைந்து, அம்மோனியா பிரிண்ட் எடுப்போம். (அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது.) எங்கள் பிரிவில் ஒரு பிரதி சுரங்க வாயில் ஷெட்டில், ஒன்று பிரிவு அலுவலகத்தில், ஒன்று மேலதிகாரிக்கு. எவரும் இதை 'பேக்கப்' என்று சொல்லவில்லை. அரசாங்க வேலை என்றால் மூன்று பிரதி என்று பழக்கம், அவ்வளவுதான். காகிதம் மட்டும் சிரஞ்சீவி என்று நினைக்க வேண்டாம். அந்த ஊர் மழையில் ஷெட்டில் வைத்த பிரதியில் பச்சைப் பூஞ்சை பிடித்து, ஜூலை மாதம் ஒரு கட்டு முழுவதையும் தூக்கி எறிந்திருக்கிறோம். பிரிவு அலுவலகத்துப் பிரதி இருந்ததால் எவருக்கும் தூக்கம் கெடவில்லை.

2019-ல் ஓய்வு பெற்றேன். சும்மா இருக்க முடியாமல், இமயமலைப் பகுதியில் நடந்த ஒரு சுரங்கப் பாதை வேலையில் மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். வேலையின் பெயரும், கம்பெனியின் பெயரும் வேண்டாம். 2022-ல் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அங்கே மூன்று இளம் புவியியலாளர்கள், ஷிப்ட் முறையில். ஒருத்தி சேலத்துப் பக்கத்துப் பெண். முதல் நாள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "சார், நீங்க தமிழா?" என்று கேட்டபோது எனக்கு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டேப்லட். ஷிப்ட் மாறும்போது கை மாறும். தினமும் சாயங்காலம் அலுவலகத்தில் இருந்த ஒரு பையன் டேப்லட்டைக் கேபிளில் மாட்டி, ஃபைலை அலுவலகக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுப்பான். ஒரு பதிவேட்டில் 'நகல் எடுக்கப்பட்டது' என்று எழுதுவான். அதன் கீழே கையெழுத்துப் போடுவது யார்? நான்தான்.

ஒரு நாள் காலை, பாறை முகத்துக்கு ஏறும் மேடையிலிருந்து டேப்லட் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக் குனிவதற்குள் பின்னால் வந்த லோடரின் டயர் ஏறிவிட்டது. எவருக்கும் அடிபடவில்லை, அதுவே பெரிய விஷயம். "போனால் போகிறது, நேற்று வரைக்கும் காப்பி இருக்கிறதே" என்று நானே சொல்லி அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தினேன்.

அலுவலகத்துக்கு வந்து நகலைத் திறந்தால், கடைசிப் பதிவு ஒன்பது நாளுக்கு முந்தையது. முந்தின நாள் நகலைத் திறந்தோம், அதுவும் அப்படியே. ஒன்பது நாள் நகல்களும் அளவில் ஒரு பைட் கூட மாறாமல் ஒரே ஃபைல். ஒன்பது நாளும் என் கையெழுத்து.

எப்படி இது நடந்தது என்று எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று. விளங்கியதை நம் வீட்டுக் கடைக் கணக்கு பாஷையில் சொல்கிறேன். மளிகைக் கடையில் வியாபாரம் நடக்கும்போது முதலாளி எல்லாவற்றையும் உடனே பேரேட்டில் எழுத மாட்டார். கையில் கிடைத்த சிட்டையில் குறித்துக்கொள்வார். கூட்டம் குறைந்ததும், அல்லது கடை சாத்தும்போது, சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். ஜியோபேக்கேஜ் என்று ஒரு ஃபைல் வகை இருக்கிறது. களச் செயலிகள் பலவற்றில் இதுதான் புழக்கம். பெயரின் முடிவில் ஜி.பி.கே.ஜி. என்று இருக்கும். அதுதான் பேரேடு. செயலி திறந்திருக்கும்போது பக்கத்திலேயே அதே பெயரில் இன்னும் இரண்டு ஃபைல்கள் முளைக்கும். ஒன்றின் முடிவில் டபிள்யூ.ஏ.எல்., இன்னொன்றில் எஸ்.எச்.எம். என்று இருக்கும். டபிள்யூ.ஏ.எல். தான் சிட்டை. புதுப் பதிவுகள் முதலில் அதில்தான் விழுகின்றன. அது ஒரு அளவுக்கு நிரம்பும்போதோ, செயலியை முறையாக மூடும்போதோதான் பேரேட்டில் ஏறுகின்றன. எங்கள் டேப்லட்டில் செயலியை எவரும் மூடவே இல்லை. ஸ்கிரீனை அணைப்பது, அடுத்த ஷிப்டுக்குக் கொடுப்பது, இதுதான் வழக்கம். ஒன்பது நாள் பதிவுகள் எழுத்தும் எண்ணும்தானே, சிட்டை நிரம்புகிற அளவுக்கு இல்லை. பையன் பேரேட்டை மட்டும் நகல் எடுத்தான். கூட இருந்த இரண்டையும் ஏதோ குப்பை ஃபைல் என்று விட்டுவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எது எது வேண்டும் என்று அவனுக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

புகைப்படங்கள் கதை இன்னும் மோசம். அவை தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கும்; பேரேட்டுக்குள் இருப்பது 'இந்தப் படம் இந்த இடத்தில் இருக்கிறது' என்ற விலாசம் மட்டுமே. ஃபோல்டரை நகல் எடுக்காததால் விலாசம் இருந்தது, வீட்டைக் காணோம். வாட்ஸ்ஆப் குழுவில் சில படங்கள் போட்டிருந்தார்கள். ஆனால் வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கிவிடுகிறது, எடுத்த இடத்தைப் பற்றிய குறிப்பையும் கழற்றிவிடுகிறது. ஈரப் பாறைப் படங்கள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

டேப்லட்டை ரிப்பேருக்கு டெல்லி வரை அனுப்பினோம். நினைவகச் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, போர்டே நொறுங்கியிருந்தது.

மொத்தம் பதினொரு முகங்களின் கணக்கு போயிற்று. அதில் ஆறு சேலத்துப் பெண்ணின் ஷிப்டில் வந்தவை. அவளுக்கு ஒரு பழக்கம், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். அளவுகளை முதலில் அதில் எழுதி, பிறகுதான் டேப்லட்டில் தட்டுவாள். "எங்க புரொபசர் திட்டுவார் சார், அந்தப் பயம்" என்றாள். அந்த ஆறும் பிழைத்தன. இன்னும் மூன்று முகங்களின் படங்களில் செயினேஜ் எழுதிய சிலேட்டு தெரிந்தது. அதனால் எந்த முகம் என்றாவது கண்டுபிடித்தோம். மீதி இரண்டு இரவு ஷிப்டில் அடுத்தடுத்து வந்தவை. அவற்றுக்கு நோட்டும் இல்லை, படமும் இல்லை. சுமார் ஐந்து மீட்டர் நீளத்துக்கு அந்த மலையில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

நான்கு மாதம் கழித்து, சொல்லி வைத்த மாதிரி அந்த இடத்திலேயே சுவர் உள்ளே நகர ஆரம்பித்தது. கருவி அளவுகள் தினம் சில மில்லிமீட்டர் காட்டின. கூரை ஷாட்கிரீட்டில் ஒரு விரிசல். வடிவமைப்பாளர்கள் கேட்ட முதல் கேள்வி, "அங்கே வெடிப்புகள் எந்தத் திசையில், எந்தச் சாய்வில்?" இரவு ஷிப்ட் பையனைக் கேட்டோம். "இடது பக்கம் ஈரமாக ஒரு களிமண் கோடு பார்த்த ஞாபகம் சார்" என்றான். எத்தனை டிகிரி? தெரியவில்லை. நான்கு மாதத்தில் நூற்றுக்கணக்கான வெடிப்புகளை அளந்தவனுக்கு ஒன்று எப்படி ஞாபகம் இருக்கும்? கடைசியில் உள்ளிருந்தே துளையிட்டுப் பாறைத் தண்டு எடுத்துப் பார்த்தோம். களிமண் நிரம்பிய ஒரு பிளவு பாதைக்குக் குறுக்கே சாய்ந்து ஓடியது. நீளமான போல்ட்டுகள் கூடுதலாக அடித்து நிறுத்தினார்கள். வேலை பன்னிரண்டு நாள் நின்றது.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குக் காரணம் தேடியபோது, டேப்லட்டைக் கீழே போட்டவள் என்று சேலத்துப் பெண்ணுக்கு மெமோ வந்தது. ஒப்பந்த வேலை, மெமோ என்றால் அடுத்த மாதம் வேலை இல்லை என்று பொருள். அவள் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. கேன்டீனில் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் நகல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், ஒன்பது கையெழுத்தும் என்னுடையவை, ஒரு நாள்கூட நகலைத் திறந்து பார்க்காமல் போட்டவை என்று எழுதிக் கொடுத்தேன். டேப்லட் விழுவது சுரங்கத்தில் நடக்கக்கூடியதுதான். நகல் சரியாக இருந்திருந்தால் அரை நாள் வேலை மட்டுமே போயிருக்கும் என்றும் எழுதினேன். முப்பத்தெட்டு வருட ரயில்வே சர்வீஸில் எனக்கு எதிராக நானே எழுதிய கடிதம் அது ஒன்றுதான். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வயதும் ஆகிவிட்டது, சரிதான் என்று நாகபுரிக்கு வந்து சேர்ந்தேன்.

இனி, என்ன செய்ய வேண்டும் என்பது. நகல் எடுக்குமுன் செயலியை முழுமையாக மூடுங்கள். ஸ்கிரீனை அணைப்பது மூடுவது ஆகாது. மூடியதும் அந்தக் கூடுதல் ஃபைல்கள் மறைந்துவிட்டால் சிட்டை பேரேட்டில் ஏறிவிட்டது. மறையாவிட்டால் மூன்றையும் சேர்த்தே எடுங்கள். சிட்டையை மட்டும் அழிப்பது கூடவே கூடாது. ஒற்றை ஃபைலைத் தேடி எடுக்காமல் படங்களோடு முழு ஃபோல்டரையும் எடுங்கள். நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசிப் புள்ளி இன்றைய தேதியா, மொத்த எண்ணிக்கை நோட்டில் குறித்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் ஒன்பது நாள் மிச்சம் பிடித்தேன்.

ஷேப்ஃபைல் என்ற பழைய வகை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது பெயருக்குத்தான் ஒரு ஃபைல், எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எஃப். என்று மூவர் கட்டாயம், பி.ஆர்.ஜே. என்ற நான்காமவரும் கூட வர வேண்டும். கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒருவரை விட்டு ஒருவர் பயணம் போனால் சிக்கல். அந்த நான்காமவர்தான் அட்சரேகை எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது என்று சொல்பவர். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள் எவரெஸ்ட் கோள வடிவக் கணக்கில் இருப்பவை, ஜி.பி.எஸ். சொல்வது டபிள்யூ.ஜி.எஸ். 84. ஒரே எண்ணை இரண்டிலும் குறித்தால் புள்ளி நூறு மீட்டர் அளவில்கூடத் தள்ளி விழலாம். எண் பத்திரமாக இருக்கும், இடம் போய்விடும். திசை அளவை ஃபோனில் எடுத்தீர்களா, காந்த ஊசிக் கருவியில் எடுத்தீர்களா என்றும் ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். தண்டவாளம், ஜீப், சுரங்கத்து இரும்பு வளைவு எது பக்கத்தில் இருந்தாலும் இரண்டுமே பொய் சொல்லும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு விதி சொல்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: கொஞ்சம் நகை பீரோவில், கொஞ்சம் பேங்க் லாக்கரில், கொஞ்சம் ஊரில் அம்மா வீட்டில்! டேப்லட்டும் லேப்டாப்பும் பென் டிரைவும் ஒரே பையில் இருந்தால் அது மூன்று பிரதி ஆகாது. பஸ்ஸில் பை போனால் மூன்றும் போகும். இணையத்தில் தானாக ஏறிக்கொள்ளும் வசதியை நம்பி இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே தவறுதலாக ஒரு புள்ளியை அழித்தால் அது அங்கேயும் போய் அழிக்கும். பழைய பதிப்புகளைத் தேதியோடு தனியாக வைத்தால்தான் அது காப்புப் பிரதி. கம்பெனி வேலையாக இருந்தால் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அனுமதியும் கேளுங்கள். 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகளின்படி மிக நுட்பமான இடத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேதான் சேமிக்க வேண்டும்.

நில அளவைக்காரனின் லெவல் புத்தகத்தில் ரப்பர் உபயோகிக்கக் கூடாது. தப்பு என்றால் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். டிஜிட்டலிலும் இந்த மரியாதை வேண்டும். களத்திலிருந்து வந்த ஃபைலைத் தொடாமல் பூட்டி வையுங்கள். திருத்தம் எல்லாம் நகலில். பாறையின் பெயரை அறையில் உட்கார்ந்து மாற்றத் தோன்றும்போது, களத்தில் என்ன எழுதினோம் என்று பார்க்க ஒன்று இருக்க வேண்டும். வருடம் ஒரு முறை எல்லாவற்றையும் சாதாரண எழுத்து அட்டவணையாகவும் மாற்றி வையுங்கள். கொங்கண் காலத்து அஞ்சேகால் அங்குல ஃப்ளாப்பிகள் நான்கு என்னிடம் இன்னும் இருக்கின்றன. படிக்க மெஷின் இல்லை. அதே காலத்து அம்மோனியா பிரிண்ட் ஒன்று மங்கலாக, ஆனால் படிக்கும்படியாக இருக்கிறது.

சென்னைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் ஹிங்கண்காட் ஸ்டேஷனைக் கடப்போமே, அங்கேதான் வில்லியம் லாம்டன் புதைக்கப்பட்டிருக்கிறார். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கியவர். அளந்துகொண்டே வடக்கே வந்து 1823 ஜனவரியில் ஹிங்கண்காட்டில் காலமானார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அவருடைய பெரிய தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே அதை நிமிர்த்தினார். ரயில் அங்கே போகும்போது நான் நினைத்துக்கொள்வது, அதுவரை அளந்த கோணங்கள் அந்தக் கருவிக்குள் இல்லை, புத்தகத்தில் இருந்தன என்பதைத்தான். என் டேப்லட்டுக்கு அந்த பாக்கியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மகன் வந்தான். டேப்லட்டில் 340 இடங்கள், லேப்டாப்பில் 318. கடைசி வாரத்தின் 22 இடங்கள் லேப்டாப்பில் இல்லை. பையன் முகம் வெளுத்துவிட்டது. "ஆனால் நான் தினமும் காப்பி பண்ணினேனே அங்கிள்!" என்றான். செயலியை மூடச் சொன்னேன். சிட்டை மறைந்தது. முழு ஃபோல்டரையும் மறுபடி எடுத்துத் திறந்தோம், 340. படங்களில் இரண்டு நாளுக்கானவை மட்டும் எங்கேயும் இல்லை. இடம் போதவில்லை என்று அவனே அழித்திருக்கிறான். அந்த இரண்டு நாள் இடங்களுக்கு மறுபடி போவதாகச் சொன்னான். வெயில் ஏறுவதற்குள் போய்விடு, மே மாதத்தில் டேப்லட்டே சூடேறி நின்றுவிடும் என்றேன்.

ஒரு பிரதி அவன் லேப்டாப்பில், ஒன்று அவனுடைய புரொபசரின் கம்ப்யூட்டருக்கு. மூன்றாவது பென் டிரைவை என் மனைவி வாங்கி, பீரோவில் எல்.ஐ.சி. பாலிசி வைத்திருக்கும் டப்பாவுக்குள் போட்டாள். மேலே ஒரு சீட்டு ஒட்டி அவன் பெயரையும் தேதியையும் எழுதியிருக்கிறாள். மாதம் ஒரு முறை வந்து புதுசு மாற்றிவிட்டுப் போக வேண்டும், வரும் நாள் முன்னாடியே சொன்னால் அடை வார்த்து வைப்பேன் என்று அவனிடம் சொல்லி அனுப்பினாள்.